பக்கத்துக் கட்டில்காரிக்கு இரண்டு மலை

தனேகாஷிமா தீவு
மே 12, 1986

கினுவே அக்கா,

காற்று எப்படி, மழை எப்படி என்று நாலு வரி எழுதிவிட்டுத்தான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் அடித்துச் சொல்லிக்கொடுத்தார்கள். இன்று எனக்கு அதற்குப் பொறுமை இல்லை. வயிற்றெரிச்சலோடு உட்கார்ந்து எழுதுகிறேன்.

உங்கள் அஞ்சலட்டை நேற்றுப் படகில் வந்தது. இபுசுக்கி கடற்கரையில் பெண்கள் சுடுமணலுக்குள் புதைந்து படுத்திருக்கிற படம். பின்பக்கம் நீங்கள்: "இவரும் பக்கத்தில் புதைந்து கிடக்கிறார். வேர்த்துக் கொட்டுகிறது. நல்ல சுகம்." கொடுத்து வைத்தவர் அக்கா நீங்கள்.

அட்டை வந்தபோது நான் வள்ளிக்கிழங்கு நடவில் இருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. தலையில் முடி இன்னும் பூனைக்குட்டி ரோமம் மாதிரித்தான் இருக்கிறது. மாமியார் வரப்பில் நின்றுகொண்டு, "குளிர்காலம் பூரா படுத்துத் தின்னாச்சுல்ல? கொடி தானாப் போயி மண்ணுல குத்திக்குமா?" என்கிறாள். என் வீட்டுக்காரர் தமோத்சு அந்தப் பக்கம் திரும்பி மண்வெட்டியைத் துடைக்கிறார். துடைத்துத் துடைத்தே அது தேய்ந்துவிடும்.

நமக்குள் என்ன வித்தியாசம் சொல்லுங்கள்? அடுத்தடுத்த கட்டில். இரண்டு பேருக்கும் கழுத்தில் கட்டி. ஒரே சிவப்பு மருந்து, மூத்திரம்கூட ஒரே நிறம் என்று சிரித்தோம். "நிணநீர்க் கணு வீங்கியிருக்கு, அவ்வளவுதான்" என்று இரண்டு பேரிடமும் ஒரே பொய்யைச் சொன்னார்கள். முடி கொட்டுகிற வீக்கம் எந்த ஊரில் இருக்கிறது? ஆனாலும் நாம் கேட்கவில்லை. புற்றுநோய் என்ற வார்த்தையை நோயாளியிடம் யாரும் சொல்ல மாட்டார்கள், நோயாளியும் கேட்கக் கூடாது.

சின்ன டாக்டர் சாக்கோதா நினைவிருக்கிறாரா? புது மெஷின் வந்த குஷியில், நம் கட்டியிலிருந்து துணுக்கு எடுத்துப் போய், அணுக்களைத் தனித்தனியாகப் பிரித்து, சாயம் ஏற்றி, ஒவ்வொன்றிலும் டி.என்.ஏ. எவ்வளவு இருக்கிறதென்று அளந்தாரே. "பஸ்ல ஏறுற மாதிரி ஒண்ணொண்ணா வெளிச்சத்தத் தாண்டிப் போகும்மா" என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். அளவு சரியாக இருந்தால் காகிதத்தில் ஒரே மலை. அளவு தப்பிப்போன கூட்டம் இருந்தால் பக்கத்தில் இரண்டாவது மலை. நடுவில் மேடு உயர்ந்திருந்தால் பெருகுகிற அவசரம் அதிகம். ஒற்றை மலை சாது, இரட்டை மலை முரடு. இவ்வளவும் சொன்ன மனிதர் காகிதத்தை நம்மிடம் காட்டவில்லை, புருஷன்மாரைக் கூப்பிட்டுத்தான் காட்டினார்.

எல்லாம் ஒன்றாக இருந்தும் உங்களுக்குச் சுடுமணல், எனக்கு ஈரமண். இதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

மிசாவோ

*

மக்குராசாக்கி
மே 25, 1986

மிசாவோவுக்கு,

வயிறு எரிந்தால் தண்ணீர் குடி. எனக்கு எழுதி என்ன ஆகப்போகிறது?

நீ கேட்டது சுடுமணலைத்தான். மிச்சத்தையும் கேட்டுக்கொள். போன வாரம் ஒரு மெலன் பழம் வாங்கி வந்தார், மரப்பெட்டியில் வைத்து ரிப்பன் கட்டி விற்கிறார்களே, அது. சம்பந்தி வீட்டுக்குத்தான் அதையெல்லாம் வாங்குவோம். அவரே நறுக்கி, விதையை எடுத்து, கரண்டியோடு கொண்டுவந்து வைத்தார். என் வீட்டு இவாவோ எப்பேர்ப்பட்டவர் என்று உனக்குத் தெரியுமே. மீன் புகைபோடுகிற கொட்டகையில் அவர் ஒரு சத்தம் போட்டால் வேலைக்காரர்கள் கையிலிருக்கிற மீன் நழுவி விழும். அந்த மனிதர் இப்போது, "குளுருதா? கதவச் சாத்தட்டுமா?" என்கிறார். அடுப்படிப் பக்கம் நான் போகக் கூடாதாம்.

முப்பது வருஷம் உழைத்ததற்கு இப்போதுதான் மனிதருக்குக் கண் திறந்திருக்கிறது என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொள்கிறேன். மீன்காரத் தெருவில் ஒருத்திக்கும் என்னைக் கண்டால் பொறுக்கவில்லை. பொறுக்க வேண்டாம்.

பாவம், நீதான். உன் வீட்டார் உன்னைக் கொஞ்சம் உட்கார விடலாம். வெயிலில் நிற்காதே. எது சாப்பிட ஆசையோ அதை இப்போதே சாப்பிடு, தள்ளிப்போடாதே. பிள்ளைகளோடு எங்காவது போய்வா. சூப்பில் போட, நம் கொட்டகையில் புகைபோட்டுச் சீவின நல்ல மீன்துருவலாகப் பார்த்து ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன்.

கினுவே

*

தனேகாஷிமா
ஜூன் 14, 1986

கினுவே அக்கா,

யார் பாவம்? நானா?

மீன்துருவல் வந்தது. மாமியார் மோந்து பார்த்து, "சரக்கு நல்ல சரக்கு. உங்கிட்டக் குடுத்தா தண்ணியாக் காச்சிடுவே" என்று உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டாள். மறுநாள் சூப்பில் அதைப் போட்டது அவள்தான். பெரிய கிண்ணத்தை என் பக்கம் தள்ளிவிட்டு, "முழுங்கிட்டுக் கெளம்பு, களை நிக்குது" என்றாள். இதுதான் எனக்குக் கிடைக்கிற உபசாரம்.

நேற்று வெயிலில் தலை சுற்றி வரப்பில் உட்கார்ந்தேன். "நடிக்கிறதுல ஒன்ன அடிச்சுக்க ஆளில்ல" என்று சொல்லிவிட்டு என் வரிசையையும் சேர்த்து அவளே களை எடுத்தாள், நான் குற்றவாளி மாதிரி பார்த்துக்கொண்டிருக்க. ஊரெல்லாம் சிரித்தது.

நீங்கள் மெலன் சாப்பிடுங்கள். அழகாகச் சாப்பிடுங்கள். கிடைக்கும்போது அனுபவித்துவிட வேண்டும் அக்கா. உங்கள் விஷயத்தில் அவர் செலவு பார்க்காமல் இருப்பது நியாயம்தான். எனக்கு ஒரு துண்டுகூட வராதே என்றுதான் பொறாமை, மற்றபடி ஒன்றும் இல்லை.

மிசாவோ

*

மக்குராசாக்கி
ஜூலை 3, 1986

மிசாவோ,

"உங்கள் விஷயத்தில்" என்றால் என்ன விஷயம்? "கிடைக்கும்போது" என்றால் எதுவரைக்கும் கிடைக்கும்?

எனக்கும் சந்தேகம் இருந்தது. உன் கடிதம் அதை ஆணி அடித்து நிறுத்திவிட்டது. உனக்கு ஒன்று சொல்கிறேன், யாரிடமும் சொல்லாதே. போன வாரம் வேண்டுமென்றே புகைக்கொட்டகையின் தீயை அணையவிட்டேன். காலையில் ஒரு தட்டு முழுக்க மீன் நாறிப்போயிருந்தது. அந்த மனிதர் முன்பு இதற்காக ஒருவனைத் தெருவரை துரத்தியிருக்கிறார். நான் தலையைக் குனிந்துகொண்டு போய், "நாந்தான் மறந்துட்டேன்" என்றேன். திட்டு, திட்டு என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டு நின்றேன். அவர் மீனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "போனாப் போகுது. நீ ஒக்காரு, கால் வலிக்கும்" என்றார்.

நாறின மீனை நானே அள்ளிக் கொட்டிவிட்டு வந்தேன்.

நீ என் சுடுமணலைப் பார்த்து எரிந்தாய். நான் உன் மாமியாரைப் பார்த்து எரிகிறேன். சோம்பேறி என்கிறாள், நடிக்கிறாய் என்கிறாள், களை எடுக்கத் துரத்துகிறாள். அடுத்த வருஷமும் நடவுக்கு இவள் இருப்பாள் என்று நம்புகிறவள்தான் அப்படிப் பேசுவாள். உன் கடிதத்தைப் படிக்கப் படிக்க எனக்குப் பொறாமை பொங்கியது. எனக்கு வந்து விழுகிற மெலனையெல்லாம் உன்னிடம் கொட்டுகிறேன், அந்த வசவில் ஒன்றே ஒன்று எனக்குக் கொடேன்.

நீ ஏதோ தெரிந்து வைத்திருக்கிறாய். நம் புருஷன்மார் இரண்டு பேரும் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் ஒன்றாக நின்று சிகரெட் பிடித்தவர்கள். காகிதத்தை டாக்டர் காட்டியதும் அங்கேதான் போய் நின்றார்கள். சொந்தப் பெண்டாட்டியிடம் வாய் திறக்கக் கூடாதே தவிர, பக்கத்துக் கட்டில்காரியைப் பற்றிப் பேச யாருக்கும் தடை இல்லை. தமோத்சு உன்னிடம் என்னைப் பற்றி என்ன சொன்னார்? மறைத்தால் இனி உன் முகத்தில் விழிக்க மாட்டேன்.

கினுவே

*

தனேகாஷிமா
ஜூலை 21, 1986

அக்கா,

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். நீங்கள் கேட்டுவிட்டீர்கள், இனி மழுப்ப முடியாது.

கிளம்புகிற நாளில், படகில் வைத்து இவர் சொன்னார். "பக்கத்துக் கட்டில் அக்காவுக்குத்தான் ரெண்டு மலையாம். ஒனக்கு ஒண்ணே ஒண்ணு. மனசுல வெச்சுக்க, வெளிய விட்டுடாதே." அவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

கேட்டவுடன் எனக்கு என்ன வந்தது தெரியுமா? நிம்மதி. அம்மாடி, நான் இல்லை என்று. அப்புறம்தான் உங்கள் முகம் ஞாபகம் வந்து அழுதேன். ஆனால் முதலில் வந்தது நிம்மதிதான். உங்களிடம் பொய் சொல்ல வரவில்லை. அப்படியும் உங்கள் அட்டையைப் பார்த்தபோது எரிந்ததே, அதை நினைத்தால் நான் என்ன ஜென்மம் என்று இருக்கிறது. இரண்டு மலைக்காரிக்கு ஒரு மெலன் கிடைத்தால் எனக்கு என்ன கொள்ளை போகிறது?

என்னை வெறுக்காதீர்கள்.

மிசாவோ

*

மக்குராசாக்கி
ஆகஸ்ட் 4, 1986

மிசாவோ,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தேன். சத்தமாகச் சிரித்ததில் இவாவோ ஓடிவந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

ஏன் தெரியுமா? ஏப்ரல் மாதமே அவர் என்னிடம் சொன்னார். "பாவம்டி அந்தத் தீவுப் பொண்ணு. அவளுக்குத்தான் ரெண்டு மலை. நடுவுல மேடு வேற." அதனால்தான் ஆசைப்பட்டதை இப்போதே சாப்பிடு என்று உனக்கு எழுதினேன். மீன்துருவல் அனுப்பினேன். நானும் அம்மாடி என்றுதான் மூச்சுவிட்டேன், நீ மட்டும் என்ன ஜென்மம்?

ஆக, இரண்டு புருஷன்மாரில் ஒருத்தர் புளுகுகிறார். என் வீட்டு ஆள் குழைகிற குழைவைப் பார்த்தால் அது அவராகத்தான் இருக்க வேண்டும். உன் வீட்டில் விழுகிற வசவைக் கேட்டால் உன் ஆள் யோக்கியர். இருந்தாலும் எனக்கு நிச்சயமாகத் தெரிய வேண்டும். தெரியாமல் இன்னொரு மெலன் என் தொண்டையில் இறங்காது.

சாக்கோதா வேறு ஊருக்கு மாறிப்போய்விட்டார். வசந்தத்தில் வந்த புது டாக்டர் நகாசோனோவுக்கு நம் வீட்டு ஆட்களையெல்லாம் தெரியாது. நோயாளிக்குச் சொல்ல மாட்டார்கள், குடும்பத்துக்குச் சொல்வார்கள். ஆகையால் நீ என் தங்கையாகப் போன் செய். நான் உன் அக்காவாகப் போன் செய்கிறேன். ஒரே ஒரு நிபந்தனை: காதில் விழுந்ததை விழுந்தபடி எழுத வேண்டும். என் மனசு நோகுமே என்று நீயும் பார்க்கக் கூடாது, உனக்காக நானும் பார்க்க மாட்டேன்.

கினுவே

*

தனேகாஷிமா
ஆகஸ்ட் 30, 1986

திருமதி கினுவே அவர்களுக்கு,

நிபந்தனைப்படி எழுதுகிறேன்.

படகுத்துறையில் இருக்கிற பொதுத் தொலைபேசியிலிருந்து பேசினேன்.

"கினுவேவோட தங்கச்சி பேசறேங்க" என்றேன்.

"தங்கச்சின்னு யாரும் எழுதலையேம்மா."

"கல்யாணமாகித் தீவுக்கு வந்துட்டேங்க. மச்சான் எதுவுமே சொல்ல மாட்டேங்கறாரு. ராத்திரி தூக்கம் வர்றதில்ல டாக்டர்." இந்தக் கடைசி வார்த்தை பொய் இல்லை.

"அக்காகிட்டச் சொல்லிடக் கூடாது."

"ஐயோ, சத்தியமாச் சொல்ல மாட்டேன்."

காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது. "டி.என்.ஏ. அளவு சரியா இருக்கும்மா. ஒரே மேடுதான். பெருகுற அணுவும் கம்மி. மெதுவா நகர்ற வகை. ரொம்ப வருஷம் நல்லா இருப்பாங்க. சாக்கோதா டாக்டர் மச்சான்கிட்டயும் இதத்தானே சொன்னாரு? மனுஷன் பாதியிலயே காதப் பொத்திக்கிட்டாருன்னு நர்ஸ் சொன்னாங்க."

நன்றி சொல்லிப் போனை வைத்துவிட்டு, மிச்சச் சில்லறையை எடுக்காமலே வீட்டுக்கு நடந்தேன்.

உங்களுக்கு ஒரே மலை. அப்படியென்றால் படகில் என் பக்கத்தில் நின்று கடலைப் பார்த்தானே, அந்த ஆள் என் தலையில் இருந்ததைத் தூக்கி உங்கள் தலையில் வைத்திருக்கிறான்.

உங்களுக்கு ஐம்பது வயதாகிறது. இரண்டு மகன்களுக்கும் கல்யாணம் பண்ணிவிட்டீர்கள். என் சின்னவளுக்கு இன்னும் ஷூ நாடா கட்டத் தெரியாது. உங்களுக்கு எதற்கு ஒற்றை மலை? நீங்கள் அதை வைத்துக்கொண்டு என்ன பண்ணப்போகிறீர்கள், மணலில் படுப்பீர்களா? இதை எழுதக் கூடாது. எழுதுகிறேன். உங்கள் கழுத்தைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருக்கிறது.

என்னைப் பற்றி நீங்கள் கேட்டிருந்தால், தயவுசெய்து எழுத வேண்டாம். எனக்குக் கணக்குத் தெரியும்.

மிசாவோ

*

மக்குராசாக்கி
செப்டம்பர் 9, 1986

மிசாவோ,

எழுதாதே என்கிறாய். எழுதுவேன். நிபந்தனைக்கு ஒத்துக்கொண்டவள் நீ. "திருமதி" என்றெல்லாம் போட்டு என்னைத் தள்ளி நிறுத்த முடியாது.

முதலில் போனை எடுத்தது நர்ஸ் ஹமாசாக்கி, டாக்டர் அறையில் இருப்பவள், என் குரல் அவளுக்குத் தெரியாது. டாக்டர் வருகிறவரைக்கும் வாயாடினாள். அவள் சொன்னது: "அந்தப் பொண்ணுக்கு அக்கா வேற இருக்கீங்களா? நல்லது. அவங்க மாமியார் வந்திருந்தாங்களே ஒருநாள். டாக்டர் காகிதத்தக் காட்டினதும், 'நான் தெனமும் திட்டுற கெழவிங்க. திடீர்னு நல்லவளா மாறுனா அவ புரிஞ்சுக்குவா. நான் என்ன பண்ணட்டும்?'னு கேட்டாங்க. எப்பவும்போல இருங்கம்மான்னோம். படிக்கட்டுல ஒக்காந்து அழுதுட்டு, மூஞ்சியக் கழுவிட்டுத்தான் வார்டுக்குள்ள போனாங்க."

உன் வீட்டு வசவின் லட்சணம் இதுதான். அதைப் பார்த்தா நான் பொறாமைப்பட்டேன்!

இனி டாக்டர் சொன்னது. உனக்கு இரண்டு மலை. நடுமேடும் உயரம். நான் அழ ஆரம்பித்தேன், நடிப்புக்கு இல்லை. "முழுசாக் கேளுங்கம்மா" என்றார். "அந்தச் செவப்பு மருந்து பெருகுற அணுவத்தான் புடிக்கும். வேகமாப் பெருகுறது வேகமாவும் சாகும். உங்க தங்கச்சிக்கு இப்பப் படத்துல ஒண்ணுமே தெரியல. ரெண்டு வருஷம் திரும்பி வராம இருந்துட்டா, பெரும்பாலும் அப்புறம் வராது. வந்தா மட்டும் ரொம்பக் கஷ்டம்."

"அப்ப ஒத்த மலைக்காரங்களுக்கு?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"அது சாதுதான். ஆனா முழுசாப் போகாது. மருந்துக்கு அடங்கும், சில வருஷம் கழிச்சு மறுபடி தல காட்டும்" என்றார். "இதெல்லாம் நூறு பேரச் சேத்துப் பாத்துச் சொல்றதும்மா. ஒரு ஆளக் காட்டி இவங்களுக்கு என்ன ஆகும்னு கேட்டா, அந்தக் காகிதத்துக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

கேட்டாயா? உனக்கு இரண்டு வருஷப் பயம், அதைத் தாண்டினால் விடுதலை. எனக்கு ஆயுசு முழுக்கக் கழுத்தைத் தடவிப் பார்க்கிற வேலை. என் ஒற்றை மலையைக் கண்டு உனக்கு எரிகிறதா? எனக்கு உன் முரட்டு மலையைக் கண்டு எரிகிறது. இந்த லட்சணத்தில் இருக்கிறோம் இரண்டு பேரும்.

இவாவோவைப் பிடித்து உலுக்கிவிட்டேன். எதுவும் தெரிந்ததாகச் சொல்லவில்லை, "ஏன் என்னப் பொணம் மாதிரி நடத்தறே?" என்று மட்டும் கேட்டேன். "டாக்டர் சொன்னதுல பாதிதான்டி காதுல விழுந்துச்சு, போ!" என்று கத்தினார். முழு மனிதரும் பயந்து கிடந்திருக்கிறார். எத்தனை மாதம் கழித்து ஒரு கத்தல்! காதுக்கு இதமாக இருந்தது.

கினுவே

*

தனேகாஷிமா
அக்டோபர் 20, 1986

அக்கா,

கிழங்கு அறுவடை நடக்கிறது. நேற்று நான் ஒரு கிழங்கைக் கத்தியால் குத்திவிட்டேன். "கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்றாள் மாமியார். வந்த நாள் முதல் நான் அவளை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. நேற்றுப் பேசினேன். "ஒங்க கண்ணு நல்லா இருந்தா நீங்களே தோண்டுங்களேன்!" என்றேன். கிழவி ஆடிப்போனாள். அப்புறம், "பாத்தியா, வாய் நீளுது! ஒடம்பு நல்லாத்தானே இருக்கு, எடு கூடைய!" என்று சத்தம் போட்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அவளுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரிந்ததாக அவளுக்குக் காட்டிக்கொள்ளப் போவதில்லை. இவரிடமும் கேட்கப் போவதில்லை. அவர் படகில் நின்ற நிலை இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இரண்டு வருஷம் முடிகிறவரைக்கும் எனக்கு எழுதாதீர்கள். நானும் எழுத மாட்டேன். நீங்கள் நல்லவர்தான். ஆனால் ஒற்றை மலைக்காரியிடமிருந்து "நலமா?" என்று ஒரு வரி வந்தால்கூட என்னால் தாங்க முடியாது. உங்கள் கையெழுத்தைப் பார்த்தாலே எனக்கு எரிகிறது அக்கா. அது அடங்கட்டும்.

மிசாவோ

*

தனேகாஷிமா
நவம்பர் 17, 1988

கினுவே அக்கா,

நானேதான் எழுதக் கூடாது என்றேன். இப்போது நானேதான் எழுதுகிறேன். எனக்கு வேறு யாரும் இல்லை.

இரண்டு வருஷக் கணக்கை முடிக்கிற பரிசோதனைக்குப் போன வாரம் போனோம். என்னை வெளியே உட்காரவைத்துவிட்டு, டாக்டர் இவரையும் மாமியாரையும் மட்டும் உள்ளே கூப்பிட்டார். வெளியே வந்தபோது இரண்டு பேர் கண்ணும் சிவந்திருந்தது. "தூசி" என்றார் இவர்.

எங்கள் வீட்டில் குளியல் தொட்டியில் ஒரே தண்ணீரில் முதலில் இவர், அப்புறம் மாமியார், அப்புறம் பிள்ளைகள். தண்ணீர் ஆறி, ஊறின அழுக்கு மிதக்கும்போது நான். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் வழக்கம். அன்று சாயங்காலம் கிழவி என் கையில் துண்டைக் கொடுத்து, "நீ போயி மொதல்ல குளி. நான் வெறகு போடறேன்" என்றாள். தொட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறேன், வெளியே அடுப்பில் விறகு தள்ளிக்கொண்டு, "சூடு போதுமா? போதுமா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அந்தக் குரலை நான் அவளிடம் கேட்டதே இல்லை. கொதிக்கிற தண்ணீருக்குள் எனக்குப் பல் கிட்டியது.

மறுநாளும் திட்டவில்லை. கரும்புக்கு வராதே, வீட்டில் இரு என்கிறாள். அரிசிக் கலயத்தைக் கைதவறி உடைத்தேன். "கையில குத்தலையே?" என்று கேட்டாள்.

திரும்பி வந்துவிட்டது அக்கா. இவ்வளவு தூரம் வந்து, கரை தெரிகிற இடத்தில் வந்துவிட்டது. அதுதான் நல்லவளாகிவிட்டாள். நடிக்கக்கூட அவளுக்குத் தெம்பு இல்லை. சின்னவள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அவளுக்கு நான் என்ன சொல்வது?

போன் செய்யுங்கள். அக்கா என்று சொல்லிக் கேளுங்கள். நான் உங்களுக்கு எரிச்சலில் என்னவெல்லாமோ எழுதினேன். அதையெல்லாம் மனசில் வைத்துக்கொண்டு சும்மா இருந்துவிடாதீர்கள்.

மிசாவோ

*

மக்குராசாக்கி
டிசம்பர் 1, 1988

மிசாவோ,

போன் செய்தேன். பயப்படாமல் படி.

டாக்டர் மறுபடி மாறியிருக்கிறார். இவர் சின்னப் பையன் மாதிரி இருக்கிறார், குரலை வைத்துச் சொல்கிறேன். "ஒண்ணுமே இல்லீங்க. சுத்தமா இருக்கு. ரெண்டு வருஷம் தாண்டியாச்சு, இனி வருஷத்துக்கு ஒரு தடவ வந்தாப் போதும்னுதான் வீட்டுக்காரங்ககிட்டச் சொன்னோம். அந்தப் பெரியம்மா அப்படியே தரையில ஒக்காந்துட்டாங்க. தூக்கி ஒக்கார வெக்க வேண்டியதாப் போச்சு."

"அப்ப அவகிட்ட ஏன் சொல்லல?" என்று கத்திவிட்டேன்.

குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அவங்களுக்கு அது இருந்துச்சுன்னே நாம சொல்லலையேம்மா. போயிடுச்சுன்னு எப்படிச் சொல்றது?" என்றார்.

நீ பிழைத்துவிட்டாய், மிசாவோ. திரும்பி வரவில்லை. உன் மாமியாருக்கு இனி உன்னைத் திட்ட அவசியம் இல்லை, அதனால்தான் கிழவி குழைகிறாள். போய் முதலில் குளி. அவள் விறகு தள்ளினால் தள்ளட்டும்.

உன் கடிதம் வந்ததும் நான் உடனே போனைத் தொடவில்லை. கசக்கி மூலையில் எறிந்தேன். காரணம் சொல்கிறேன். எனக்கு அக்குளில் ஒரு கட்டி வந்திருக்கிறது. கொழுப்புக் கட்டி என்கிறார்கள். இவாவோ புகைக்கொட்டகையில் போய் உட்கார்ந்துகொண்டு வெளியே வருவதில்லை. துணுக்கு எடுத்து அந்த மெஷினுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதே சாது வகைதான் மறுபடி தலை காட்டுகிறதா, இல்லை இந்தத் தடவை பக்கத்தில் இரண்டாவது மலை முளைத்துவிட்டதா என்று பார்க்கத்தான். சாதுவும் சில பேருக்கு முரடாக மாறுமாம், வராந்தாவில் யாரோ பேசிக்கொண்டார்கள். என்னிடம் யாரும் எதுவும் சொல்லப்போவதில்லை.

அப்படி உட்கார்ந்திருக்கிற நேரத்தில் உன் கடிதம். கரை தெரிகிறது என்கிறாள், இவளுக்குக் கரையாவது தெரிகிறதே என்று எரிந்தது. உனக்குத் திரும்பி வந்திருந்தால் எனக்குத் துணை கிடைத்திருக்கும் என்றுகூட நினைத்தேன். நினைத்துவிட்டு, கசக்கினதை எடுத்து நீவி வைத்துவிட்டுப் போன் செய்தேன். உனக்கு ஒன்றுமில்லை என்று அவர் சொன்னபோது என் நெஞ்சு ஒரு நிமிஷம் எரிந்தது. "நீ பிழைத்துவிட்டாய்" என்று மேலே எழுதும்போதும் பேனா நின்றது. ஆனாலும் எழுதிவிட்டேன், கேட்டதைக் கேட்டபடி.

அடுத்த செவ்வாய்க்கிழமை எனக்கு முடிவு வருகிறது. நீ படகுத்துறைக்குப் போ. என் தங்கை என்று சொல்லு. அவர் எது சொன்னாலும், இரண்டு மலை என்றே சொன்னாலும், ஒரு எழுத்தை மாற்றாமல் எழுது. இந்த வீட்டில் என்னிடம் உண்மை பேச ஒருத்தரும் இல்லை.

கினுவே